ஈறு நோயும் லேசர் சிகிச்சையும்

பல்லைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் சொத்தையைப் பற்றியே பேசுகின்றனர். சொத்தை வலிக்கும், வலிப்பதால் மனிதன் மருத்துவரை நாடுவான். ஈறு நோயோ பெரும்பாலும் வலியின்றியே வளர்வது. பல் துலக்கும்போது சிறிது குருதி கசிதல், வாயில் நாற்றம் தோன்றுதல், பற்கள் முன்னினும் நீண்டு தெரிதல் ஆகியவையே அதன் அறிகுறிகள். இவற்றை நம்மவர் ‘உடம்புச் சூடு’ என்று சொல்லி ஒதுக்கிவிடுவர். பல் ஆடத் தொடங்கிய பின்னரே அச்சம் பிறக்கிறது. அச்சம் பிறந்த அந்நிலையில்தான் ‘லேசர்’ என்னும் சொல்லும் காதில் விழுகிறது. கத்தியில்லை, தையலில்லை, வலியில்லை என்று விளம்பரங்கள் முழங்குகின்றன. இம்முழக்கத்தில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மருத்துவ நூலார் கண்டவற்றைத் தமிழில் தொகுத்துரைப்பதே நம் பணி. மருத்துவம் செய்வது நம் பணியன்று.

நோயின் இயல்பு

பல் எலும்பினுள் ஆணி அறைந்தாற்போல நேரே பதிந்திருப்பதன்று. வேரைச் சுற்றிச் சிமெண்டம் என்னும் மெல்லுறை உண்டு. அவ்வுறைக்கும் தாடையெலும்புக்கும் இடையே நுண்ணிய நார்கள் ஊஞ்சற் கயிறுபோலப் பல்லைத் தாங்கி நிற்கின்றன. இவை அனைத்தையும் மேலிருந்து மூடிக் காப்பது ஈறு. ஈற்றின் விளிம்புக்கும் பல்லுக்கும் இடையே இயல்பாகவே ஒரு சிறு பள்ளம் இருக்கும். அதன் ஆழம் மூன்று மில்லிமீட்டருக்குள் இருப்பின் நலம்.

சரிவரத் துலக்காத பல்லின்மீது நுண்ணுயிர்கள் பிசுபிசுப்பான படலமாகப் படிகின்றன. உமிழ்நீரிலுள்ள சுண்ண உப்புகள் அப்படலத்தை நாளடைவில் கல்லாக்குகின்றன. இதனையே மக்கள் ‘காரை’ என்பர். காரையின் கரடான முகம் புதிய படலத்திற்கு இருக்கையாகிறது. உடல் அதனை எதிர்த்துப் போரிடுகிறது. ஈறு சிவந்து வீங்குகிறது. இது முதல் நிலை. 1965-ஆம் ஆண்டில் ஹாரல்டு லோ என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் டென்மார்க்கின் ஆர்கூஸ் நகரில் ஒரு சோதனை செய்தனர். நலமான ஈறுடைய பன்னிருவரைப் பல் துலக்காதிருக்கச் செய்தனர். பத்து முதல் இருபத்தொரு நாள்களுக்குள் அனைவர்க்கும் ஈறு அழன்றது. மீண்டும் துலக்கத் தொடங்கிய ஒரு வாரமளவில் அழற்சி தணிந்தது. முதல் நிலையில் நோய் முற்றிலும் மீளத்தக்கது என்பது இதனால் உறுதியாயிற்று.

இரண்டாம் நிலையே இடர்ப்பாடானது. போர் நீடிக்க நீடிக்க, எதிரியை அழிக்க எழுந்த படை தன் கோட்டையையே இடிக்கத் தொடங்குகிறது. நார்கள் அறுபடுகின்றன, எலும்பு கரைகிறது, பள்ளம் பையாக ஆழ்கிறது. நான்கு, ஐந்து, ஏழு மில்லிமீட்டர் என அது இறங்கிச் செல்லும்போது, தூரிகை சென்று சேராத இருளில் நுண்ணுயிர் செழிக்கிறது. கரைந்த எலும்பு தானாக மீள்வதில்லை.

இந்நோய் மருத்துவமின்றி விடப்பட்டால் எவ்வாறு நடக்கும் என்பதை உலகம் அறிந்தது இலங்கை மலையகத்துத் தமிழர்களின் வாயிலிருந்தே என்பதை நம்மில் பலர் அறியார். அதே லோவும் அவர்தம் குழுவினரும் 1970-ஆம் ஆண்டில் அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் உழைத்த 480 ஆண் தொழிலாளரின் ஈறுகளை அளந்தனர். அவர்கள் பல் மருத்துவம் பெற்றவரல்லர். தூரிகை கொண்டு துலக்கும் வழக்கமும் இல்லாதவர். பதினைந்தாண்டுகள் இடைவிட்டு இடைவிட்டு அளவெடுத்தனர். 1985-இல் இறுதி அளவெடுப்புக்கு எஞ்சியவர் 161 பேர். 1986-இல் முடிவுகள் வெளிவந்தன. அனைவர் வாயிலும் காரையும் அழற்சியும் நிறைந்திருந்தும் 11 விழுக்காட்டினர்க்கு நோய் முதல் நிலையைத் தாண்டவேயில்லை. 81 விழுக்காட்டினர்க்கு மெல்ல வளர்ந்தது. 8 விழுக்காட்டினர்க்கோ காட்டுத்தீயெனப் பரவியது. இக்கடைக் குழுவினர் 35 வயதில் சராசரியாகப் பன்னிரண்டு பற்களையும், 40-இல் இருபதையும், 45-இல் எல்லாப் பற்களையும் இழந்திருந்தனர்.

நுண்ணுயிர் ஒன்றே நோயின் முழுக்காரணமன்று, அதனை எதிர்கொள்ளும் உடலின் இயல்பும் சேர்ந்தே நோயின் போக்கை வகுக்கிறது என்னும் இன்றைய கொள்கைக்கு இவ்வாய்வு ஒரு பெருந்தூண். பாடநூல்களில் எட்டு விழுக்காடு என்று நிற்பவர் ஒவ்வொருவரும், நடுவயதிலேயே சோற்றை மெல்ல இயலாது போன ஒரு தோட்டத் தொழிலாளி என்பதையும் நாம் நினைவில் இருத்த வேண்டும். கொழுந்து கிள்ளும் தோட்டத்தில் ஓராண்டுக்கு ஒருமுறை காரை அகற்றுவார் ஒருவர் இருந்திருப்பின் அப்பற்களுள் பல நின்றிருக்கும். அதற்கு லேசர் தேவையில்லை.

சுரண்டும் கலை

காரையை அகற்றுவதே ஈறு நோய்க்கு முதல் மருத்துவம் என்பது புதிய செய்தியன்று. ஆயிரமாண்டுகளுக்கு முன் ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் வாழ்ந்து 1013-ஆம் ஆண்டளவில் மறைந்த அறுவை மருத்துவப் பேரறிஞர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ, தம் முப்பது பகுதிகள் கொண்ட ‘அத்தஸ்ரீப்’ என்னும் நூலின் இறுதிப் பகுதியில் இதனை விரித்துரைத்துள்ளார். பல்லின் உட்புறத்துக்கு ஒன்று, வெளிப்புறத்துக்கு ஒன்று, இடுக்குக்கு ஒன்று எனப் பதினான்கு சுரண்டு கருவிகளின் வடிவங்களை வரைந்து காட்டினார். ஒரே நாளில் காரை முழுதும் நீங்காவிடின் மறுநாளும் அதற்கு மறுநாளும் முயன்று முற்றும் அகற்றுக என்பது அவர் காட்டிய நெறி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரிமோனா நகரத்து ஜெரார்டு இப்பகுதியை இலத்தீனில் பெயர்த்தபின் ஐரோப்பிய மருத்துவர் நெடுங்காலம் இதனைப் பயின்றனர். இன்று பல் மருத்துவரின் தட்டில் கிடக்கும் வளைந்த எஃகுக் கருவிகளைக் காண்போர், அவை அவ்வோவியங்களின் வழித்தோன்றல்கள் என்றே கருதுவர்.

இன்று எஃகுக் கருவியோடு மீயொலியால் அதிரும் கருவியும் சேர்ந்துள்ளது. ஈறுக்கு மேலும் கீழும் உள்ள காரையை நீக்கி வேர்ப்பரப்பைத் தூய்மை செய்வர். பை மிக ஆழமாயின் ஈற்றை மடல்போல் விலக்கி, கண்ணால் கண்டு தூய்மை செய்து, மீண்டும் தைப்பர்.

ஈண்டு ஒரு தவறான நம்பிக்கையைக் குறிப்பிடாமல் மேற்செல்லல் இயலாது. ‘பல் சுத்தம் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும், இடைவெளி விழுந்துவிடும்’ என்று நம் ஊர்களில் படித்தவரும் கூறக் கேட்கிறோம். உண்மை வேறு. எலும்பு முன்னரே கரைந்துவிட்டது. பற்களை ஒன்றோடொன்று பிணைத்து ஆட்டத்தை மறைத்து நின்றது காரை. வீக்கம் வடிந்ததும் ஈறு சுருங்கி, முன்பே இருந்த இடைவெளி புலப்படுகிறது. சில நாள் கூச்சமும் இருக்கும். நோய் செய்த கேட்டை மருத்துவத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். இந்நம்பிக்கையால் சுரண்டுதலை அஞ்சி ஓடுவோரே, ‘லேசர் என்றால் சுரண்டமாட்டார்கள்’ என்னும் எண்ணத்தோடு அதனை நாடுகின்றனர். அவ்வெண்ணம் சரியா என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஒளி கருவியான வரலாறு

அணுவொன்று ஒளியால் தூண்டப்பட்டு, தன்னைத் தூண்டிய ஒளியைப் போன்றே மற்றோர் ஒளியை உமிழும் என்னும் கருத்தை ஐன்ஸ்டைன் 1917-இல் வெளியிட்டார். அது கருவியாக மலர நாற்பதாண்டுகளுக்கு மேலாயின. 1960-ஆம் ஆண்டு மே 16-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தியோடர் மைமன் செயற்கை மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார். அவ்வாண்டு டிசம்பரில் ஈரானில் பிறந்த அலீ ஜவான் வளிம லேசரை உருவாக்கினார். மராட்டிய மண்ணின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல் 1964-இல் கரியமிலவாயு லேசரைக் கண்டார். இவ்விருவரும் பணியாற்றியது ஒரே பெல் ஆய்வுக்கூடம். ஒரே அலைநீளமும் ஒரே சீரும் உடைய ஒளியாதலின் தமிழறிஞர் இதனைச் ‘சீரொளி’ என வழங்கினர்; எனினும் லேசர் என்னும் சொல்லே மக்கள் வழக்கில் நிலைத்துவிட்டது.

1965-இல் லியோன் கோல்டுமன் என்னும் தோல் மருத்துவர், பல் மருத்துவரான தம் உடன்பிறந்தாரின் பல்லின்மீதே மாணிக்க லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். பல்லுக்குடையவர் வலியுணரவில்லை. ஆயினும் மாணிக்க லேசர் எழுப்பிய வெப்பம் பல்லின் உயிர்க்கூழைக் கெடுக்கும் எனப் பிற ஆய்வுகள் காட்டவே, அம்முயற்சி தளர்ந்தது. 1990-இல்தான் பல் மருத்துவத்துக்கென அமைந்த லேசர்க் கருவி அமெரிக்கச் சந்தைக்கு வந்தது.

நிறமும் ஆழமும்

லேசர் என்பது ஒரு கருவியின் பெயரன்று. ஒரு குடும்பத்தின் பெயர். எந்த அலைநீளத்தை எந்தப் பொருள் விழுங்கும் என்பதே இதன் உயிர்நிலை. வெண்துணியும் கருந்துணியும் ஒரே வெயிலில் வெவ்வேறாகச் சூடேறுதலை ஒப்பு நோக்குக.

2940 நானோமீட்டர் அலைநீளமுள்ள எர்பியம்–யாக் லேசரை நீர் மிக வலுவாக விழுங்குகிறது. காரையினுள்ளும் எலும்பினுள்ளும் உள்ள நுண்ணிய நீர் நொடிப்பொழுதில் ஆவியாகி வெடிக்க, கடினப்பொருள் சிதறுகிறது. ஆகவே இது காரையையும் அகற்றவல்லது. 10600 நானோமீட்டருடைய கரியமிலவாயு லேசரையும் நீர் விழுங்கும்; மேற்பரப்பிலேயே நின்று மென்தசையை அறுக்க அது பயன்படும். 1064 நானோமீட்டருடைய நியோடிமியம்–யாக் லேசரோ நீரைக் கடந்து உட்செல்லும். அதனை விழுங்குபவை குருதியின் செந்நிறமும் மெலனின் போன்ற கருநிறமும் ஆகும். ஈறு நோயில் முதன்மையான நுண்ணுயிர்களுள் ஒன்று கருநிறம் உடையது. அதனை இவ்வொளி தேர்ந்து தாக்கும் என்பது இதனை ஆதரிப்போர் வாதம். ஏறத்தாழ 800 முதல் 980 நானோமீட்டர் வரையுள்ள டையோடு லேசரும் இதனை ஒத்தது. கையடக்கமானது, விலை குறைந்தது. ஆதலின் நம் நாட்டுப் பல் மருத்துவ மனைகளில் மிகுதியும் காணப்படுவது இதுவே. டையோடு லேசர் காரையை அகற்றாது. விளம்பரப் பலகையில் ‘லேசர்’ என்று மட்டும் எழுதியிருப்பின் அது எவ்வகை என்று கேட்பது நோயாளியின் உரிமை.

ஒளி விழுங்கப்பட்ட இடத்தில் வெப்பம் பிறக்கும். எலும்பு 47 பாகை செல்சியசில் ஒரு நிமிடம் இருந்தாலே கேடுறும் என்பதை 1983-இல் சுவீடன் ஆய்வாளர் இருவர் முயல்களின் எலும்பில் காட்டினர். கைதேர்ந்தாரிடம் மருந்தாகும் ஒளி, பிறரிடம் தீயாகும். நம்மவருள் பலர்க்கு ஈறு இயற்கையாகவே கருத்திருக்கும். அக்கருமையும் ஒளியை விழுங்குவதால் ஆற்றலின் அளவை மருத்துவர் அதற்கேற்ப அமைத்தல் வேண்டும். அலைநீளத்துக்கேற்ற கண்ணாடி மருத்துவர்க்கு மட்டுமன்றி, நோயாளிக்கும் உடனிருப்பார்க்கும் இன்றியமையாதது; கண் கெட்டபின் பல் எதற்கு?

லேனாப் முறை

ஈறு நோய்க்கான லேசர் முறைகளுள் மிகுதியாகப் பேசப்படுவது ‘லேனாப்’. கலிபோர்னியாவைச் சேர்ந்த ராபர்ட் கிரெக், டெல்வின் மெக்கார்த்தி என்னும் இரு பல் மருத்துவர்கள் இதனை வகுத்தனர். 2004-இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் இதற்கு இசைவளித்தது. இதில் பயன்படுவது மேற்கூறிய நியோடிமியம்–யாக் லேசர், அதுவும் துடிப்புத் துடிப்பாக வெளிப்படுவது.

முதலில் மரத்துப்போகும் ஊசி போட்டு ஒவ்வொரு பல்லையும் சுற்றிப் பையின் ஆழத்தை அளப்பர். பின்னர், தலைமயிரினும் பருத்த ஒளியிழையைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே செலுத்துவர். குறுந்துடிப்புகளாகப் பாயும் ஒளி, பையின் உட்சுவரில் நோயுற்ற படலத்தை நீக்கும். நலமான தசை பெரிதும் எஞ்சும். இதன்பின் நிகழ்வதே நாம் கவனிக்க வேண்டியது. லேசரை ஒருபுறம் வைத்துவிட்டு மீயொலிக் கருவியையும் எஃகுக் கருவியையும் எடுத்து வேரிலுள்ள காரையைச் சுரண்டி அகற்றுவர். அதன்பின் நெடுந்துடிப்பொளியை மீண்டும் செலுத்திக் குருதியை உறையச் செய்து, அவ்வுறைவையே பையின் வாய்க்கு மூடியாக்குவர். தையலில்லை. கடிக்கும்போது மிகையாக மோதும் பற்களைத் தேய்த்துச் சீர்செய்வர். உறைவு குலையாதிருக்கத் தொடக்க நாள்களில் நீர்ம உணவும் மென்மையான உணவுமே கொள்ளப்படும். பல மாதங்கள் அப்பையை அளவுகோல் கொண்டு தொடுவதுமில்லை.

ஆக, லேசர் என்றால் சுரண்டமாட்டார்கள் என்னும் எண்ணம் பிழை. உலகின் புகழ்பெற்ற லேசர் முறையின் நடுவே அஸ்ஸஹ்ராவீயின் கருவி வந்து அமர்ந்திருக்கிறது.

இனிச் சான்றுகளைக் காண்போம். சாதாரண மருத்துவத்தில் பை சுருங்கினாலும், பெரும்பாலும் மேற்றோல் நீண்டு வேரை மூடிக்கொள்வதே நிகழும். அறுந்த நார்கள் புதிதாகப் பிறந்து பல்லைப் பற்றுவதில்லை. லேனாப் அப்பிறப்பை நிகழ்த்துகிறது என்பதே அதன் தலையாய உரிமைக்கூற்று. 2007-இல் யுக்னாவும் உடனாய்வாளரும் ஆறு இணைப் பற்களை ஆராய்ந்தனர். லேசர் பெற்ற ஆறிலும் புதிய சிமெண்டமும் நார்ப்பற்றும் காணப்பட்டன. லேசர் பெறாத ஆறனுள் ஐந்தில் நீண்ட தோல் மட்டுமே இருந்தது. 2012-இல் நெவின்சு குழுவினர் பத்துப் பற்களை ஆராய்ந்தபோது ஐந்தில் எலும்பு, நார், சிமெண்டம் மூன்றும் ஓரளவு மீண்டிருந்தன. ஒன்றில் நார்ப்பற்று மட்டும். நான்கில் நீண்ட தோலே. 2016-இல் அமெரிக்க நிருவாகம் இக்கருவிக்கு ‘மீள்பிறப்பு’ என்னும் சொல்லைப் பயன்படுத்தவும் இசைந்தது.

ஆறும் பத்தும் சிறிய எண்களே. நார் முளைத்ததா என்று உறுதியாக அறிய வேண்டுமாயின் பல்லையே சூழ்ந்த எலும்போடு வெட்டி எடுத்து நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். எத்தனை பேர் இசைவர்? எண்ணிக்கையின் சிறுமைக்கு இதுவே காரணம். ஆயினும் சிறு எண்ணின்மீது பெரிய விளம்பரம் எழுப்பப்படும்போது நாம் சற்று நின்று நோக்கல் தகும். ‘மீளக்கூடும்’ என்பதும் ‘மீளும்’ என்பதும் ஒன்றல்ல.

பொதுவாக லேசர்களைப் பற்றித் துறைசார் அமைப்புகள் என்ன கூறின? அமெரிக்க ஈறு நோயியல் கழகம் 2011-இல் விடுத்த அறிக்கையில், ஈறுக்குக் கீழ்த் தூய்மை செய்வதற்கு லேசரைத் தனியாகவோ சுரண்டுதலோடு சேர்த்தோ கையாளச் சான்று மிகக் குறைவு என்றது. 2015-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி, சாதாரணச் சுரண்டுதலால் பல்லைப் பற்றிய தசை சராசரியாக அரை மில்லிமீட்டர் மீட்சி பெறுகிறது எனக் கணித்து, அதனையே முதல் மருத்துவமாகப் பரிந்துரைத்தது. சாயம் பூசி ஒளி பாய்ச்சும் ஒரு வகைக்கு மட்டும் வலுவற்ற ஆதரவு தந்து, ஏனைய லேசர்களை அதனோடு சேர்ப்பதைப் பரிந்துரைக்கவில்லை. 2020-இல் வெளிவந்த ஐரோப்பிய வழிகாட்டியோ இரண்டையும் வேண்டாமென்றது.

இவற்றால் லேசர் பயனற்றது என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. குருதி மிகாமை, தையலின்மை, அறுவைக்குப் பின் வீக்கமும் வலியும் குறைதல் ஆகியவற்றை அதனைக் கையாளும் மருத்துவர் எடுத்துரைக்கின்றனர். மடல் அறுவைக்கு அஞ்சி மருத்துவத்தையே துறக்கும் ஒருவர் லேசர் என்பதால் இசைவாராயின், அவ்விசைவே ஒரு நன்மை. குருதி உறையாமைக்கு மருந்துண்போர்க்கும் இது பற்றிக் கலந்து பேசலாம். நம் மறுப்பு வேறிடத்தில் உள்ளது. ‘லேசருக்குப் பணமில்லை’ என்று எண்ணிச் சாதாரண மருத்துவத்தையும் கைவிட்டு, பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீடு திரும்புவோர் உளர். அவர்கள் இழந்த பல்லைச் சில அமர்வுகளில் எஃகுக் கருவி காத்திருக்கக்கூடும். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் ஈறு நோய்க்கெனத் தனித்துறையே உண்டு. அங்கே குறைந்த செலவில் இது நடைபெறுகிறது.

சர்க்கரை நோயும் ஈறும்

சர்க்கரை நோய் மிக்க நம் நாட்டில் இதனைச் சொல்லாது விடல் கூடாது. சர்க்கரை கட்டுக்கடங்காதபோது ஈறு நோய் விரைந்து வளரும். ஈறு நோயின் அழற்சி சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதைக் கடினமாக்கும். 2022-இல் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளை ஒருங்கே வைத்து நோக்கியதில், ஈறு நோய்க்கு மருத்துவம் பெற்றோரின் ‘மூன்று மாதச் சர்க்கரை’ அளவு மூன்று நான்கு மாதங்களில் சராசரியாக 0.43 புள்ளி குறைந்திருந்தது. இப்பயனுக்கு அடிப்படையாய் நின்றதும் ஈறுக்குக் கீழுள்ள காரையையும் படலத்தையும் அகற்றும் அந்தப் பழைய முறையே.

புகைப்போரின் நிலை இன்னும் வஞ்சகமானது. புகை ஈற்றின் குருதிக்கசிவைக் குறைத்து நோயை மறைக்கும். எலும்போ உள்ளே கரைந்துகொண்டிருக்கும். புகையை விடாதவர்க்கு எம்மருத்துவமும் அரைப்பயனே தரும். லேசர் இதற்கு விலக்கன்று.

மருத்துவத்திற்குப் பின்

லேசரோ எஃகோ எதனால் தூய்மை செய்யினும், அப்பை மீண்டும் படலத்தால் நிரம்பச் சில வாரங்களே போதும். ஆகவே நோய் முற்றியிருந்தவர்க்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் மீள்பார்வை தேவைப்படும். மருத்துவரிடம் செல்வோர் ஒன்றை மறவாது கேட்டுப் பெறுதல் வேண்டும். அது, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் எடுக்கப்படும் பை ஆழங்களின் அட்டவணை. தொடக்கத்தில் ஓர் அட்டவணை. மருத்துவம் முடிந்து சில மாதங்கள் கழித்து மற்றொன்று. லேனாப் செய்துகொண்டோர்க்கு இவ்விரண்டாவது அளவு ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின்னரே எடுக்கப்படும். ஆறும் ஏழுமாக இருந்த எண்கள் நான்குக்குள் இறங்கி, அளக்கும்போது குருதியும் கசியாதிருப்பின் நோய் அடங்கிற்று. எண்கள் இறங்காத இடத்தில், முதலில் லேசரைக் கையாண்டிருந்தாலும், அடுத்து மடல் அறுவை தேவைப்படலாம். அதற்கான கட்டணம் முதற்கட்டணத்தில் அடங்குமா என்பதை முன்னரே கேட்டுத் தெளிதல் வேண்டும்.